360 நாள் பதவி

2019 அக்டோபர் 11 மாலை. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையின் முன்னால் இரண்டு தலைவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். வேட்டி சட்டையில் தோளில் துண்டோடு பிரதமர் நரேந்திர மோடி, அவருக்குப் பக்கத்தில் சீன அதிபர் ஷி ஜின்பிங். வெண்ணெய் உருண்டைப் பாறை, ஐந்து ரதம், கடற்கரைக் கோயில் என்று பல்லவர்கள் விட்டுப்போனதையெல்லாம் பார்த்தார்கள். பல்லவருக்கும் சீனத்துக்கும் இருந்த பழைய கடல்வழி உறவைப் பற்றி அந்த வாரம் நம் நாளிதழ்கள் பக்கம் பக்கமாக எழுதின.

அதற்குச் சரியாக 19 மாதம் முன்பு, 2018 மார்ச் 11 அன்று, சீனாவின் தேசிய மக்கள் பேரவை ஒரு வாக்கெடுப்பு நடத்தியிருந்தது. ஒருவர் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் அதிபராக இருக்கக் கூடாது என்று அந்நாட்டின் 1982ஆம் ஆண்டு அரசியலமைப்பு சொல்லியிருந்தது. அந்த வரியை எடுத்துவிடுவதா என்பதுதான் கேள்வி. எடுத்துவிடலாம் என்றவர்கள் 2,958 பேர். கூடாது என்றவர்கள் 2 பேர். 3 பேர் எந்தப் பக்கமும் சேரவில்லை. 2023 மார்ச்சில் ஷி ஜின்பிங் மூன்றாம் முறையாக அதிபரானார்.

அந்த மாலைக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மனம் அங்கே நிற்கவில்லை. திருக்கழுக்குன்றம் தாண்டி, செங்கல்பட்டு தாண்டி, பாலாற்றுப் பாலத்தைக் கடந்து, ஏறக்குறைய 60 கிலோமீட்டர் போனால் உத்திரமேரூர். அங்கே ஒரு சுவர் இருக்கிறது. பதவியில் இருந்தவன் எப்போது இறங்க வேண்டும், இறங்கியவன் எத்தனை ஆண்டு விலகி நிற்க வேண்டும் என்று 1,100 ஆண்டுக்கு முன்பு அந்தச் சுவரில் வெட்டிவைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துச் சீன வணிகர்கள் பல்லவர் துறைமுகத்தில் இறங்கி உள்நாட்டுக்கு நடந்திருந்தால் இரண்டு மூன்று நாளில் எட்டிவிடும் தூரம்தான்.

இன்று உத்திரமேரூர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. மாமல்லபுரம் செங்கல்பட்டு மாவட்டத்தில். ஷி வந்துபோன அடுத்த மாதம்தான், 2019 நவம்பரில், இந்தப் பிரிவினை நடந்தது. பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

உத்திரமேரூரின் நடுவில் வைகுண்டப் பெருமாள் கோயில் என்று இப்போது அழைக்கப்படும் கட்டடம் ஒரு காலத்தில் ஊர்ச் சபை கூடிய மண்டபம். அதன் கருங்கல் சுவரில் சுற்றிச் சுற்றி எழுத்து. தமிழ் எழுத்து, வடசொல் வரும் இடங்களில் கிரந்தம். முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919இல், ஒரு கல்வெட்டு. 14ஆம் ஆட்சியாண்டில், 921இல், இன்னொன்று. 1898இல் தொல்லியல் துறையினர் இவற்றைப் படியெடுத்தார்கள். கல்வெட்டறிஞர் வெங்கய்யா முதலில் விரிவாக எழுதினார், பிறகு வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரி ஆராய்ந்தார். பள்ளிப் பாடத்தில் குடவோலை முறை என்று நாம் எல்லோரும் படித்தது இதைத்தான். தேர்வுக்கு இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் படித்துவிட்டு மறந்தும்விட்டோம். மறந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. ஏனென்றால் அந்தப் பாடத்தில் குடமும் ஓலையும் இருந்த அளவுக்கு, அந்த விதிகளுக்குள் இருக்கும் அறிவு இருக்கவில்லை.

முதலில் குடத்தைப் பார்ப்போம்.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. குடும்பு என்பது இன்றைய வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதி, ஒரு கட்டாகக் கட்டி, எந்தக் குடும்பு என்று தெரிய மேலே ஒரு வாயோலை வைத்தார்கள். அப்படி 30 கட்டு. எல்லாம் ஒரு குடத்துக்குள். சிறியவர் பெரியவர் என்று சபை முழுக்கக் கூட வேண்டும். ஊரில் இருக்கும் கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் உள்ளே உட்கார வேண்டும். அவர்களில் வயதில் மூத்தவர் எழுந்து, எல்லோர் கண்ணுக்கும் படும்படி குடத்தைத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அந்தக் கட்டு அவிழ்ந்து வேறொரு வெறும் குடத்துக்குப் போகும். குடம் குலுக்கப்படும். அதே சிறுவன் அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து நடுவரான மத்யஸ்தனிடம் கொடுப்பான். மத்யஸ்தன் அதை ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கி வாசிக்க வேண்டும். அவர் வாசித்தது போதாது. உட்கார்ந்திருக்கும் நம்பிமார் எல்லோரும் வாசிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பெயர் ஏறும். இப்படியே 30 குடும்புக்கும் ஒவ்வொருவர்.

இதைப் படிக்கும்போது ஒரு புள்ளியியல் ஆசிரியர் எழுந்து நின்று கை தட்டுவார் என்று நினைக்கிறேன். இன்று ஒரு புதிய மருந்தைச் சோதிக்கும்போது, எந்த நோயாளிக்கு எந்த மருந்து போகிறது என்பது கொடுப்பவருக்கே தெரியாதபடி மறைத்துவைக்கிறார்கள். தெரிந்தால் கை தன்னையறியாமல் சாயும் என்பது அனுபவம். சிறுவனுக்கு உள்ளிருப்பது தெரியக் கூடாது என்ற விதி அதே அச்சத்திலிருந்து பிறந்தது. விரித்த ஐந்து விரல் இன்னும் நுட்பம். மடக்கிய கைக்குள் ஓர் ஓலையை ஒளித்துவைத்து மாற்றிவிடலாம். விரித்த கையில் முடியாது. யாரோ ஒருவன் ஒரு முறை அப்படி மாற்றியிருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. இவ்வளவு குறிப்பான விதி, பட்ட பின்புதான் வரும்.

குலுக்குவதும் சும்மா சடங்கு இல்லை. 1969 டிசம்பர் 1 அன்று, வியட்நாம் போருக்கு ஆள் எடுக்க அமெரிக்க அரசு குலுக்கல் நடத்தியது. ஆண்டின் 366 நாள்களையும் தனித்தனிக் குப்பிகளில் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்தார்கள். முதலில் வரும் பிறந்தநாளுக்கு உரியவர் முதலில் போருக்குப் போக வேண்டும். மாத வரிசைப்படி போட்ட குப்பிகள் சரியாகக் கலக்கவில்லை. கடைசியாகப் போட்ட மாதங்கள் மேலேயே தங்கிவிட்டன. அழைப்பு 195ஆம் எண் வரை போனது. டிசம்பரின் 31 நாள்களில் 26 நாள்கள் அந்த எண்ணுக்குள் வந்துவிட்டன. டிசம்பரில் பிறந்த ஒரே காரணத்துக்காக எத்தனையோ இளைஞர்கள் போருக்குப் போனார்கள். கட்டைப் பிரித்து வேறொரு குடத்தில் கொட்டிக் குலுக்கச் சொன்ன உத்திரமேரூர்ச் சபைக்குத் தெரிந்த ஒன்று, கணினி இருந்த நாட்டில் அன்று தவறிப்போனது.

ஆனால் குடம் பாதிக் கதைதான். குடத்துக்குள் யார் ஓலை போகலாம் என்பதில்தான் நம் காலத்து விவாதத்துக்கு வேண்டியது இருக்கிறது.

வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வேதம் கற்று ஓதுவிக்கத் தெரிந்திருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குக் கீழ். 919இல் இது 30 முதல் 60 வரை என்று இருந்தது. இரண்டே ஆண்டில் திருத்தினார்கள். எழுதிய விதி நடைமுறையில் சரிப்படவில்லை என்றால் ஒத்துக்கொண்டு மாற்றும் துணிவு அவர்களுக்கு இருந்திருக்கிறது. இவற்றோடு ஒரு விதி: கடந்த மூன்று ஆண்டில் எந்த வாரியத்திலும் இருந்தவர் ஓலை குடத்துக்குள் போகாது. பதவி 360 நாள். முடிந்ததும் இறங்க வேண்டும். நடுவில் குற்றம் செய்தால் அப்போதே இறக்கப்படுவார்.

பதவிக்கால வரம்பு என்று இன்று நாம் சொல்வது இதுதான். ஏதென்ஸில் இதைவிடப் பழையது உண்டு. அங்கே 500 பேர் கொண்ட சபைக்கு ஓர் ஆண்டுக்கு ஆள் எடுத்தார்கள், சீட்டுப் போட்டுத்தான். ஒருவர் வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் அதில் இருக்க முடியாது. ஆனால் படைத் தளபதிகளைச் சீட்டில் எடுக்கவில்லை, வாக்களித்துத் தேர்ந்தார்கள், அவர்களுக்கு வரம்பும் வைக்கவில்லை. பெரிக்ளீஸ் ஆண்டுக்கு ஆண்டு தளபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது அதனால்தான். கத்தி பிடிக்கும் வேலைக்குப் பழக்கம் வேண்டும், சபையில் உட்காரும் வேலைக்கு வேண்டாம் என்பது அவர்கள் கணக்கு.

வரம்பு வேண்டாம் என்பவர்கள் இன்றும் சொல்லும் முதல் காரணம் அதுவே: பழகிய கையை ஏன் இழக்க வேண்டும்? நேர்மையான கேள்வி. மறுமுறை வர வழியில்லாதவனுக்கு நன்றாக நடந்துகொள்ள என்ன தூண்டுதல் இருக்கும் என்று 1788இல் அமெரிக்காவின் அலெக்சாண்டர் ஹாமில்டன் எழுதினார். அதையும் ஒதுக்கிவிட முடியாது. மக்கள் விரும்பினால் ஒருவரையே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுக்க ஏன் தடை என்பது மூன்றாவது.

முதல் கேள்விக்கு உத்திரமேரூரின் விடையைப் பாருங்கள். குடவோலையில் வந்த 30 பேரில் முன்பு தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் இருந்தவர்கள், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்கள் ஆகியோரிலிருந்து 12 பேர் ஸம்வத்ஸர வாரியத்துக்கு, அதாவது ஊரின் பொதுக் காரியங்களைப் பார்க்கும் ஆண்டு வாரியத்துக்குப் போனார்கள். மீதியில் 12 பேர் தோட்ட வாரியம். 6 பேர் ஏரி வாரியம். தனியாக நடந்த இன்னொரு தேர்வில் 12 பேர்: பொன்னை உரைத்துப் பார்க்கும் பொன் வாரியத்துக்கு 6, பஞ்சவார வாரியத்துக்கு 6. புதியவன் முதலில் தோட்டத்தையும் ஏரியையும் பார்க்கிறான். மூன்று ஆண்டு விலகி நின்று, மறுபடி ஓலை வந்தால், பெரிய பொறுப்புக்குப் போகிறான். அனுபவத்தை வீணாக்காமலே ஒரே ஆளைத் தொடர்ந்து வைத்துக்கொள்வதைத் தவிர்த்துவிட்டார்கள். பழக்கம் என்பதை ஒரு மனிதனிடம் சேமிக்காமல் ஊருக்குள் பரப்பிவைத்தார்கள்.

எவ்வளவு பரப்பினார்கள் என்று ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஆண்டுக்கு 42 பேர். ஒருவர் அமர்ந்த பின் மூன்று ஆண்டு வர முடியாது. அப்படியானால் தொடர்ந்து வரும் எந்த நான்கு ஆண்டை எடுத்தாலும் ஒரு முகம் இரண்டு முறை வராது. 42ஐ 4ஆல் பெருக்கினால் 168. நான்கு ஆண்டில் 168 வெவ்வேறு மனிதர்கள் ஊரின் ஏரியை, தோட்டத்தை, பொன்னை, கணக்கைக் கையால் தொட்டிருக்கிறார்கள். ஒரே ஊரில் 168 பேர்! தெருவுக்குத் தெரு, திண்ணைக்குத் திண்ணை, மதகைத் திறக்கத் தெரிந்தவர், கணக்கை வாசிக்கத் தெரிந்தவர். புதிய வாரியம் தவறு செய்தால் கண்டுபிடிக்க ஊரில் பழைய வாரியப் பெருமக்கள் நிறைந்திருக்கிறார்கள். உத்திரமேரூரின் பெரிய ஏரிக்கு வயிரமேக தடாகம் என்று பல்லவர் காலத்திலேயே பெயர். அதன் கரையையும் மடையையும் ஓர் ஆண்டு பார்த்தவனை அடுத்த ஆண்டு எவனும் ஏமாற்ற முடியாது. வரம்பின் வேலை ஒரு கெட்டவனைத் தடுப்பது மட்டும் என்று நாம் நினைக்கிறோம். வேலை தெரிந்தவர்களை உற்பத்தி செய்வதும் அதன் வேலை என்பதை இந்தச் சுவர்தான் எனக்குச் சொன்னது.

ஹாமில்டன் கேள்விக்கும் அங்கே விடை உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் ஓலை மறுபடி குடத்துக்கு வராது. அவனோடு நிற்கவில்லை. அவன் சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள், தாயோடு பிறந்தவர், தகப்பனோடு பிறந்தவர், அண்ணன் தம்பி, மாமனார், மைத்துனர், சகோதரியின் கணவன், சகோதரியின் மகன், மருமகன், தகப்பன், மகன் என்று கல்வெட்டு ஒவ்வொரு உறவாக எண்ணுகிறது. நம் ஊர் உறவுமுறையை அறிந்தவர்களுக்கு இந்தப் பட்டியலின் அருமை புரியும். தான் இறங்கி மச்சானை ஏற்றுவது, மகனை ஏற்றுவது என்ற வழியை 921லேயே அடைத்திருக்கிறார்கள். அதோடு, மறுமுறை வர முடியாதவனுக்கும் ஓர் அச்சம் இருக்கிறது: கணக்குத் தவறினால் வீடு முழுக்கத் தலை குனியும்.

கணக்கும் வரம்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. வரம்பு இல்லாத இடத்தில் கணக்குக் கேட்கிறவனை நியமிப்பவனும் கணக்குக் காட்ட வேண்டியவனும் காலப்போக்கில் ஒருவனாகிவிடுகிறார்கள். இலங்கையில் நடந்தது இதைத்தான் காட்டுகிறது. 1978 அரசியலமைப்பின்படி ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் ஜனாதிபதியாகத் தெரிவு செய்யப்பட முடியாது. 2010 செப்டம்பர் 8 அன்று, மஹிந்த ராஜபக்ச ஜனாதிபதியாக இருந்தபோது, 18ஆம் திருத்தம் அந்த வரம்பை நீக்கியது. 225 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் ஆதரவு 161, எதிர்ப்பு 17. அதே திருத்தம் இன்னொன்றையும் செய்தது. சுயாதீன ஆணைக்குழுக்களுக்கு ஆள் நியமிப்பதில் ஜனாதிபதியைக் கட்டுப்படுத்திய அரசியலமைப்புப் பேரவையை எடுத்துவிட்டு, கருத்துச் சொல்ல மட்டும் உரிமையுள்ள ஒரு நாடாளுமன்றப் பேரவையை வைத்தது. வரம்பும் கணக்கும் ஒரே காகிதத்தில் ஒரே நாளில் போயின.

2015 ஜனவரி 8 தேர்தலில் ராஜபக்ச மூன்றாம் தடவையாக நின்றார். அவர் அமைச்சரவையிலிருந்தே வெளியேறி வந்த மைத்திரிபால சிறிசேனவிடம் தோற்றார். வடக்கிலும் கிழக்கிலும் தமிழர்கள் திரண்டு வாக்களித்தது அந்தத் தோல்வியில் பெரும் பங்கு. அதே ஆண்டு ஏப்ரலில் 19ஆம் திருத்தம் வரம்பையும் பேரவையையும் சேர்த்தே திரும்பக் கொண்டுவந்தது. 2020இல் 20ஆம் திருத்தம் ஜனாதிபதியின் அதிகாரத்தைப் பழையபடி பெருக்கியபோதும் இரண்டு தடவை வரம்பில் கை வைக்கவில்லை. 2015இல் மக்களே இறக்கிவிட்டார்களே, வரம்பு எதற்கு என்று சிலர் கேட்கலாம். போரில் உறவுகளை இழந்து, இராணுவம் நிற்கும் தெருவில் நடந்து வாக்குச்சாவடிக்குப் போனவர்களின் தைரியத்தை ஓர் அரசியலமைப்பு ஒவ்வொரு முறையும் கடனாகக் கேட்கக் கூடாது.

மெக்சிகோவின் கதை இன்னும் நீளம். மறுதேர்தல் கூடாது என்ற முழக்கத்தோடு 1876இல் எழுந்தவர் போர்ஃபிரியோ தியாஸ். ஆட்சிக்கு வந்தார், இடையில் ஒரு நான்காண்டு தவிர 1911 வரை அவரே இருந்தார். அவரை எதிர்த்து 1910இல் மதேரோ எழுப்பியதும் அதே முழக்கம். 1917 அரசியலமைப்பு அதைச் சட்டமாக்கியது. அமெரிக்காவில் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நான்கு முறை வென்ற பிறகு, 1951இல் 22ஆவது திருத்தம் இரண்டு முறை என்று வரையறுத்தது. இந்தியாவில் அப்படி ஒன்றும் இல்லை. குடியரசுத் தலைவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படலாம் என்று 57ஆம் பிரிவு சொல்கிறது. ராஜேந்திர பிரசாத் ஒருவர்தான் இதுவரை இரண்டு முறை தேர்ந்தெடுக்கப்பட்டார். உண்மையான அதிகாரம் உள்ள பிரதமருக்கும் முதல்வருக்கும் வரம்பு கிடையாது. சபையின் நம்பிக்கை போனால் அன்றே இறங்க வேண்டும் என்பது அங்கே வரம்புக்குப் பதில் நிற்கிறது. அது போதுமா என்று நாம் இன்னும் மனம்விட்டுப் பேசவில்லை. பேச வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

உத்திரமேரூரை மெச்சும்போது மறைக்கக் கூடாதவை உண்டு. அது பிராமணர்களுக்குத் தானமாக வந்த ஊர். அந்த நிலத்தை உழுதவர்கள், அந்த ஏரியை வெட்டிய கைகள், ஒரு பெண்கூட, யாருடைய ஓலையும் அந்தக் குடத்தில் இல்லை. 168 என்று நான் வியந்த கணக்கு ஒரு வேலிக்குள் நடந்த கணக்கு. இன்று அதே ஊரில் ஒரு பட்டியலினப் பெண் உள்ளாட்சித் தலைவராக முடியும் என்றால் அது 1992இல் நிறைவேறிய 73, 74ஆம் திருத்தங்கள் திறந்த வழி. தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. ஒதுக்கிய இடங்கள் சுழற்சியில் மாறும். சுழற்சி என்ற அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் குடும்புகள் நினைவுக்கு வரும். இந்தக் குடம் அந்தக் குடத்தைவிடப் பெரியது.

இன்னொன்று. 360 நாள் விதியைக் கல்லில் வெட்ட ஆணை தந்த பராந்தகன் 907 முதல் 955 வரை, ஏறக்குறைய 48 ஆண்டு, அரியணையில் இருந்தான். அவனுடைய அதிகாரி சோமாசிபெருமான் வந்து உட்கார்ந்திருக்க, சபை இந்த ஏற்பாட்டைச் செய்துகொண்டது. தீயவர் கெட்டு நல்லவர் வளர வேண்டும் என்பதே நோக்கம் என்று கல்வெட்டே சொல்கிறது. விதி கீழே இருப்பவர்களுக்கு. மேலே இருப்பவனுக்கு இல்லை. ஏரிக் கரையில் ஓர் ஆண்டுக்கு மேல் ஒருவனை நம்பக் கூடாது என்று தெரிந்த நாட்டில், அரியணைக்கு அதே கேள்வியைக் கேட்கும் சொல் அன்று பிறக்கவில்லை. அந்தக் கேள்வி நாட்டின் தலைமை வரை ஏறிவர ஆயிரம் ஆண்டு ஆனது. ஏறிய பின்னும் சில நாடுகளில் ஒரே பிற்பகலில் இறக்கிவிடுகிறார்கள்.

கடைசியாக உத்திரமேரூர் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில்தான் கல்லெழுத்து நன்றாகத் தெரியும். படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவர் வரி வரியாக விரல் வைத்துக் காட்டினார். தொடக்கத்தில் மதுரை கொண்ட பரகேசரி என்று மன்னனின் பெயர். பிறகு அதிகாரியின் பெயர், ஊர். முடிவில், சபை சொல்ல நான் எழுதினேன் என்று மத்யஸ்தன் தன் பெயரைப் போட்டிருக்கிறான்: காடாடிப்போத்தன் சிவக்குறி ராஜமல்ல மங்கலப்பிரியன். அந்த ஆண்டு வாரியத்தில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டேன். நண்பர் சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மறுபடி நடந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். இந்த விதியை எழுதிய இரண்டு கல்வெட்டிலும் ஒருவர் பெயர்கூட இல்லை.